ஏணியை இறக்கியது யார்?

இது என் அக்காவுக்கு நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் காதில் விழுகிறமாதிரி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நிற்கும்.

கடைத்தெருவில் ஒரு பழைய வங்கிக் கட்டிடத்தை இடித்திருந்தார்கள். புதிதாகக் கட்டுவதற்கு முன், அடியில் பழங்காலத்துச் சுவடு ஏதாவது இருக்கிறதா என்று அகழ்ந்து பார்க்க வேண்டும். தொல்லியல் துறையில் இருக்கும் அக்காதான் அந்தக் குழிக்குப் பொறுப்பு. வங்கியின் தரைக்குக் கீழே ஒரு செங்கல் தரை. அதற்குக் கீழே சாம்பல். சாம்பலுக்கும் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், கெட்டியான சுண்ணாம்புத் தளம். ஒரு கீறல்கூட இல்லை.

“அடி வந்தாச்சுல்ல? வெள்ளிக்கிழமை கான்கிரீட் கொட்டிடுறேன்” என்றார் இடத்துக்காரர்.

“தளத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும் சார்.”

“என்னம்மா இருக்கப்போகுது? மண்ணுதான்.”

அக்காவின் மேலதிகாரியும் அவருக்கே ஜால்ரா தட்டினார். தளத்தில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒருமுறை கான்கிரீட் விழுந்துவிட்டால், அப்புறம் எந்தக் காலத்தில் யார் வந்து திறப்பது?

இந்த எரிச்சலோடு இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. வேலை முடிந்ததும் ஏணியை மேலே இழுத்துப் படுக்கப் போட்டுவிடுவார்கள். தெருப்பிள்ளைகள் குழிக்குள் இறங்கிவிடக் கூடாது அல்லவா? அக்காவே தன் கையால் இழுத்துப் போடுவாள். காலையில் வந்து பார்த்தால்... ஏணி குழிக்குள் நிற்கும்.

இரவுக் காவல்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

“என் புள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல மேடம்.”

“அப்ப ஏணிக்குக் கால் முளைச்சு அதுவா இறங்குச்சா?”

மறுநாளும் நின்றது. அன்றுதான் அக்கா கீழே கவனித்தாள். படம் எடுப்பதற்காக முந்தின மாலை தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கியிருந்தாள். இரவில் அதன்மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் ஏணி ஊன்றிய தடம் இருந்தது. இறங்கியவனின் காலடி... ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை. உச்சி வெயில். ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கடைசியாக மேலே ஏறி வந்த அக்கா, குனிந்து ஏணியை இழுத்தாள்.

வரவில்லை.

அலுமினிய ஏணி அது. ஒரு கையால் தூக்கிவிடலாம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தாள். குழி காலி.

மறுபடி இழுத்தாள்.

ஏணி... திருப்பி இழுத்தது.

தட்... தட்... தட்...

தளத்துக்குக் கீழே.

பிறகு ஒரு குரல். மெலிந்த குரல்.

“இழுக்காதீங்க... அக்கா...”

நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். அக்காவுக்கும் பயம்தான், அவளே சொன்னாள். ஆனால் அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வரும்.

“இரு. வர்றேன்” என்றாள்.

கடப்பாரையோடு இறங்கினாள். உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது! தளத்தைக் குத்திப் பெயர்க்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு இடத்துக்காரர் ஓடி வந்தார்.

“உன் வேலை போயிடும்!”

“போகட்டும்யா! உள்ள ஆள் இருக்கு!”

“பைத்தியமா உனக்கு?”

அவள் நிறுத்தவில்லை. சுண்ணாம்புக்கு அடியில், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய கற்பலகைகள் தெரிந்தன. சாப்பிடப் போன ஆட்கள் திரும்பி வந்து ஒரு பலகையை நெம்பித் தூக்கினார்கள். கீழே இருட்டான ஒரு பள்ளம். அதன் மூலையில் எலும்புகள், ஓர் ஆளுடையவை. கிடத்திப் புதைத்ததுபோல் இல்லை. நின்ற இடத்திலேயே சரிந்ததுபோல் குவிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை கான்கிரீட் விழவில்லை. எலும்புகளை அக்காவே மேலே கொண்டுவந்தாள்.

ஏணியைப் பிடித்து இழுத்தது யார், பேசியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

தெரிந்தது வேறொன்று. சில வாரம் கழித்து, பெயர்த்த தளத்தின் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் ஒட்டிச் சேர்த்து, புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் வரிசையாக நான்கு துளைகள். விரல்கள் பதிந்த துளைகள். சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோது, கல் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து யாரோ விரலை நீட்டியிருக்கிறார்கள்.

துளைகளுக்கு நேர் மேலே மட்டும் தளம் தடிப்பாக இருந்தது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. சுண்ணாம்பு அசைய அசைய, அதைப் பூசிய படுபாவி இன்னும் கொஞ்சம் அள்ளி அப்பி, கொத்தனார் கரண்டியால் மழமழவென்று தேய்த்துவிட்டிருக்கிறான்.