தவளைத் தோலும் தாய்மாமன் தோலும்

புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பிழைக்கிறவனிடம் நோயாளிகள் வழக்கமாக இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: எரியுமா, எப்போது வீட்டுக்குப் போகலாம். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த எனக்கு மூன்றாவதாக ஒன்றும் வந்தது: "இது யார் தோலு?" எங்கள் வெள்ளைக்கார டாக்டர் சீமையில் தோல் ஒட்டும் வைத்தியம் படித்து வந்தவர். உடம்பில் நல்ல இடமாகப் பார்த்து, சவரக்கத்தியால் வெங்காயச் சருகு போலத் தோலைச் சீவி, ஆறாத புண்ணின் மேல் விரிப்பார். சீவுவது அவர் வேலை. நோயாளிக்கும் உறவினருக்கும் பதில் சொல்வது என் வேலை. கத்திக்கும் சனத்துக்கும் நடுவே நின்று பேசிப் பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என்னை நினைத்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

எந்தக் கையால் சாப்பிடுவது?

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது புறங்கை வெந்துபோனது. புண் ஆறாமல் விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன. தொடையிலிருந்து தோல் எடுக்கலாம் என்றார் டாக்டர். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இடுப்புக்குக் கீழ உள்ள தோலக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சோறு திங்க?" சரி, இடது கையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டேன். "அதக் கொண்டாந்து வலது கையில ஒட்டினா, பொறவு அது எந்தக் கை வே?"  டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று நாள் யோசித்து அண்ணாச்சியே வழி சொன்னார்: வயிறு. சோற்றுக்காகவே இருக்கிற இடம், அதில் தீட்டு ஒன்றும் கிடையாதாம். அப்படியே செய்தோம். தோல் ஒட்டியது, விரல்கள் பிழைத்தன. ஆறு மாதம் கழித்து ஒரு வாழைத்தாரோடு வந்தவரிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயித்துத் தோலுல்லா வே! இல போட முன்னாடியே கைக்குப் பசிக்கி."

நெற்றி இறங்கிய கதை

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளி வீசிய அரிவாளுக்கு மூக்கைப் பறிகொடுத்தவர் சுப்பையா பிள்ளை. மூக்கில்லாமல் கோர்ட்டுக் கூண்டில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் ஏறாவிட்டால் வழக்கே போய்விடும். டாக்டர் அவர் நெற்றித் தோலில் ஒரு துண்டை அறுத்து, கீழே திருப்பி, மூக்காகத் தைத்துவிட்டார். அழகான மூக்குதான். ஆனால் மூக்கில் ஈ உட்கார்ந்தால் பிள்ளை நெற்றியில் அடித்துக்கொள்வார். ஈ அங்கேயே இருக்கும்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் பார்த்தால், மூக்கின் மேல் மூன்று பட்டையாகத் திருநீறு. "இடம் மாறிப் போச்சே பிள்ளைவாள்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இடம் மாறினது நெத்தி வே. திருநீறு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு."

வள்ளியூரின் மழைக்கால்

வள்ளியூர் மாட்டுத் தரகர் மாடசாமிக்குக் கணுக்காலில் ஒரு பழைய புண். அவர் தம் தோலைத் தொடவிடவில்லை. "ஒரு புண்ணோட வந்தவன ரெண்டு புண்ணோட அனுப்பப் பாக்கியளா?" என்றார். தவளைத் தோலையும் ஒட்டலாம் என்று டாக்டர் ஏதோ வைத்தியப் பத்திரிகையில் படித்திருந்தார். ஆகவே நானும் ஆஸ்பத்திரித் தோட்டக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கித் தவளை பிடித்தோம். எங்கள் சபைக்காரர்கள் பாதிப் பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள். கறிக்குத்தான் என்று முடிவு கட்டியவர்கள்போல, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தவளைத் தோல் சில நாளில் கரைந்துபோனது. ஆனால் புண்ணின் ஓரத்திலிருந்து சொந்தத் தோல் வளர்ந்து மூடிவிட்டது. அதற்குள் சேதி வள்ளியூருக்குப் போய்விட்டது. மழை வருமா என்று மாடசாமியின் காலைக் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் ஒருதரம் வரும் என்றார், வந்துவிட்டது. கடைசியாகக் காலைக் காட்ட வந்தபோது, தவளைத் தோல் எப்போதோ போய்விட்டது, இப்போது இருப்பது உம்முடைய தோல்தான் என்று விளக்கினேன். அவர் முகம் வெளுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத வெளிய விட்டுராதிய அண்ணாச்சி. நாலு ஊரு என் காலை நம்பித்தான் விதைக்கி!"

இரண்டு கட்டில்

எஸ்தருக்குப் பதினாறு வயது. விளக்கிலிருந்து சேலையில் தீப்பிடித்து ஒரு தோளும் கையும் வெந்துபோயிருந்தன. இருந்த பலவீனத்தில் அவளிடமே தோல் எடுக்க டாக்டர் பயந்தார். உறவில் யாராவது கொடுக்க வேண்டும் என்றார். முதலில் வந்து நின்றவர் தாய்மாமன். தம் மகனுக்கு எஸ்தரைக் கேட்டு, அவள் தகப்பனார் மறுத்ததிலிருந்து இரண்டு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். தொடையைக் காட்டிக்கொண்டே, "எந்தோலு அவ உடம்புல ஏறிட்டா அவ எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். வாத்தியாரான தகப்பனார் அதைக் கேட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டார். "அவன் எவ்வளவு குடுக்கானோ, அதுக்கு ஒரு சாண் கூட எடுங்க!"

தோளுக்கு மாமன், கைக்குத் தகப்பன் என்று எல்லை பிரித்து ஒட்டினோம். இருவரும் எஸ்தரின் அறையிலேயே அடுத்தடுத்த கட்டிலில் எதிரெதிர் சுவரைப் பார்த்துக் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். தினமும் காலையில் இருவருக்கும் ஒரே கேள்வி: "யாருது நல்லாப் பிடிச்சிருக்கு?" சமமாக இருக்கிறது என்று நான் சொல்ல, இருவருக்குமே என்மேல் கோபம்.

மூன்றாவது வாரத்தில் கட்டைப் பிரித்தேன். இரண்டு தோலும் பஞ்சோடு சேர்ந்து வந்துவிட்டன. காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை. எஸ்தருக்குக் காய்ச்சல் ஏறியது. அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் சுவரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் துணிந்து அவள் காலிலிருந்தே அரிசி அரிசியாகத் தோலைக் கிள்ளிப் புண்ணில் நட்டார். அத்தனையும் பிடித்துக்கொண்டது.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று இருவரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். மாமன் பைய இருமிவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுத்தார். தகப்பனார் வாயைத் திறக்குமுன் எஸ்தர் கையை நீட்டிக் காட்டினாள். "மாமா, உங்க தோலும் ஒட்டல. அப்பா தோலும் ஒட்டல. இது முழுசும் எந்தோலு. நான் வாத்திச்சி வேலைக்குப் படிக்கப் போறேன்."

எங்கள் ஆஸ்பத்திரியில் தோல் ஒட்டுவதில் உள்ள ஒரே தொல்லை சீழ் பிடிப்பதுதான் என்று டாக்டர் வருஷந்தோறும் மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவார். அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நல்ல கையெழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தவன் நான்தான்.