அறுபது பேர் காத்திருந்த நாடகம்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் வாழும் அயர்லாந்துக்காரர்கள் தாங்களே எழுதி நடிக்கும் நாடகத்தைப் பார்க்க, நானும் மனைவியும் மண்டபத்துக்குள் நுழைந்தோம். அழைத்தவர் அம்மருட் பகுதியில் எங்கள் மேல்மாடியில் வசிக்கும் அயர்லாந்துப் பெண்மணி. ஐந்து மணி என்றுதான் சொல்லியிருந்தார்.

வீட்டில் நான் காலில் மாட்டச் சப்பாத்தை எடுத்தபோது மனைவி, "இப்பவே போய்க் கதிரை அடுக்கப்போறியளோ? அஞ்செண்டா ஆறரைக்குத்தானே விளக்கேத்துவினம்," என்றாள். நானும் இருந்து இன்னொரு தேநீர் குடித்தேன்.

மேடைத்திரை மூடியே இருந்தது. "பாத்தீரே, இவையும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்றேன், சந்தோஷமாக. முன்வரிசையில் இரண்டு கதிரைகள் மட்டும் காலி. நாங்கள் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒருவர் நோர்வேஜிய மொழியில், "வந்துவிட்டீர்களா? இனி நாங்களும் நாடகம் பார்க்கலாம்," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். திரை விலகியது.

அப்போதுதான் விளங்கியது. முந்திய தை மாதம் எங்கள் பொங்கல் விழாவுக்குச் சொன்ன நேரத்துக்கே வந்த அந்தப் பெண்மணி, வெறும் கதிரைகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் தனியே இருந்தார். அன்று எங்கள் வழக்கத்தை அறிந்துகொண்டவர், இன்று தன் குழுவினரிடம் கெஞ்சி அறுபது பேரை எங்களுக்காகக் காக்கவைத்திருக்கிறார்.

ஒரு தீவை விட்டு எல்லோரும் புலம்பெயரும் கதை. கடைசிக் காட்சியில் தனித்துப்போன தாய் மட்டும் ஐரிஷ் மொழியில் பேசுவாள். அந்தத் தாயாக நடிப்பவர் எங்கள் மேல்மாடிப் பெண்மணிதான். "என் அம்மாவின் மொழி," என்று மாடிப்படியில் சொல்லியிருந்தார். "அதைக் கேட்கவே அக்கா அயர்லாந்திலிருந்து வருகிறாள். எண்பத்தொரு வயது. திங்கட்கிழமை போய்விடுவாள், இனி வரமாட்டாள்."

கடைசிக் காட்சி தொடங்குமுன்பே, ஏழு மணிக்குக் கதவு திறந்தது. பட்மின்ரன் மட்டைகளோடு பதினான்கு பேர் நின்றார்கள். ஏழு மணிக்குப் பிறகு மண்டபம் அவர்களுடையது. காவலாளி விளக்குகளைப் போட்டார். கறுப்புச் சால்வையோடு திரையோரம் நின்றவர் மேடைக்கு வரவேயில்லை. என் பக்கத்துக் கதிரையில் இருந்த அவருடைய அக்கா, "முடிந்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் என்னிடமே கேட்டார். 

வெளியே மனைவி, "நான்தான் உங்களைப் பிடிச்சு வச்சனான்," என்றாள்.

"இல்லை. மணிக்கூடு என்ர கையிலதான் கிடந்தது."

மறுநாள் ஞாயிறு காலையில் காவலாளியிடம் கதைத்து, அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு மணிக்கே போய் அறுபது கதிரைகளையும் நானே அடுக்கினேன். எங்களைச் சேர்க்காமல் ஒன்பது பேர் வந்தார்கள். அவர் சால்வையோடு மேடையில் நின்று, அந்தக் கடைசிக் காட்சியை ஐரிஷ் மொழியில் பேசினார். ஓரிடத்தில் அக்கா கதிரையில் இருந்தபடியே அதே மொழியில் பதில் சொன்னார். அது நாடகத்தில் இல்லாதது என்று பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார்.

மற்ற ஐம்பத்தொரு பேரும் அதைக் கேட்கவேயில்லை. அவர்களுக்கு எதைக் கொடுத்தும் என்னால் ஈடு செய்ய முடியாது. மண்டபத்துக்கு மட்டும் கொடுத்தேன், ஆயிரத்து எண்ணூறு குரோனர்.