சோதனை முடிந்த சீஸ்

லண்டனிலிருந்து மச்சாள் இன்று வருவதால், அங்கத்தைய விருந்துகளில் போல மரப்பலகையில் சீஸ் அடுக்கி, சீஸ் பலகை வைத்து அசத்த நினைத்தேன். நடுவில் முழுசாக வைக்க, சிவப்பு மெழுகு பூசிய சீஸ் உருண்டை ஒன்று வாங்கினேன்.

துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த சிப்பாய் பின்வாங்கினான்.

“அக்கா, இது குண்டா?”

“சீஸ், தம்பி.”

“வெட்டிச் சாப்பிட்டுக் காட்டுங்க.”

“இண்டைக்கு வெள்ளி, எனக்கு விரதம். முருகனுக்குச் சொன்ன சொல்லை மீற ஏலாது. நீங்களே சாப்பிட்டுப் பாருங்கோ.”

அவன் வெட்டித் தின்றான். ருசி பிடித்துப்போய்க் கூட்டாளியையும் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து மிஞ்சிய பாதியைப் பலகையில் வைத்து, சுற்றிவர பிஸ்கட்டும் கொய்யாத் துண்டும் அடுக்கினேன்.

“இதென்ன மச்சாள், எலி கடிச்சதோ?” என்று லண்டன் மச்சாள் கேட்டாள்.

“சீச்சீ, ஆமி சாப்பிட்டுப் பார்த்தது. பயமில்லாமல் எடுங்கோ.”

லண்டன் கடைகளில் இப்படிச் சோதித்துத் தருவார்களா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கோ.