ஐம்பதில் இருபது

எங்கள் வீட்டு மேல் மாடிக்காரரை அவர் அலுவலகத்தில் எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் சலிக்காமல் உள்ளே விடமாட்டார். தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "இதை யார் சரிபார்த்தது?" என்று மாமனாரைக் கேட்டவர். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்று இன்னொரு கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சவரம் செய்வார். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் கால்வாசியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் அத்தனையும் சத்தியம்.

ஜனங்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள், சிலர் ஏன் அன்றைக்குப் பார்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிற ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு வேலை. களப்பணியாளர்கள் ஆளுக்குப் பத்துத் தெரு, தெருவுக்கு ஐம்பது வீடு என்று ஏறி இறங்கிப் படிவம் நிரப்பி வருவார்கள். அவை வாசலில் நின்று நிரப்பியவையா, வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி நிரப்பியவையா என்று கண்டுபிடிப்பதுதான் சல்லடையின் பிழைப்பு.

அதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது. வாசலில் வயது கேட்டால் மனிதர்கள் அதை உருட்டிவிடுவார்கள். நாற்பத்திரண்டு நாற்பதாகும், ஐம்பத்தாறு ஐம்பத்தைந்தாகும். சரியான வயதைச் சொன்னால் ஐம்பது பேரில் பத்துப் பேருக்குத்தான் கடைசி எண் பூஜ்யமாகவோ ஐந்தாகவோ இருக்கும். உருட்டிச் சொல்வதால் அது இருபது வரை ஏறிவிடும். பொய்ப் படிவம் எழுதுகிறவனோ உருண்டையான எண்ணைக் கண்டாலே பயப்படுவான். முப்பத்தேழு, நாற்பத்து மூன்று என்று பார்த்துப் பார்த்துப் போடுவான்.

இந்த ரகசியத்தை அலுவலகத்தில் அவர் யாருக்கும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும் வாய் திறந்துகொள்ளும். மேசையில் மூன்று பேர்: அவர், முன்பு தையல் கடையில் இருந்த மனைவி, மனைவியின் தம்பி. தம்பி அவர்கள் வீட்டோடு இருந்தான். போன வருடம்தான் அதே நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்திருந்தான்.

"அப்போ நிஜமான படிவக் கட்டு எப்படி இருக்கும் மாமா?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"ஐம்பதுக்கு இருபது, மாப்ள. அதைப் பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

"உங்களுக்கு நிம்மதி வரணும்னா ஊரே பொய் வயசு சொல்லணுமா?" என்றாள் மனைவி.

அந்த வருடப் படிவங்கள் வந்து சேர்ந்தன. குடைக்காரியின் கட்டைப் பிரித்ததும் சல்லடையின் மூக்கு வியர்த்தது. வெயிலோ மழையோ கறுப்புக் குடை இல்லாமல் அவள் தெருவில் இறங்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய தெருக்களில் உருண்டை வயதுகள் ஒன்பது, பதினொன்று, எட்டு, பத்து. எங்குமே யாரும் வயதை உருட்டவில்லை. பதினோரு வருடமாகக் களப்பணி பார்க்கிறவள். இத்தனை வருடமும் ஏமாற்றியிருப்பாளோ? அந்தக் குடைக்குக் கீழே வேறென்ன ஒளித்திருக்கிறாளோ?

நேரே இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"நிச்சயமா தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வாசனை வருதுங்க."

"வாசனையெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல குடுங்க. பொய்யின்னா அவங்களை அனுப்பிடறேன். இந்த வயசுல வேற வேலை கிடைக்காது, அதையும் நினைச்சுப் பார்த்து எழுதுங்க."

புதன்கிழமை காலை சல்லடை குடைக்காரியின் நான்காவது தெருவுக்குப் போனார். முதல் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் கதவைப் பாதி திறந்து, சங்கிலியை மாட்டியபடியே பேசினார்.

"போன மாசம் குடையோட ஒரு அம்மா வந்தாங்களா?"

"நீ யாரு?"

சல்லடைக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. அலுவலக அட்டையைக் காட்டினார்.

"வந்தா, வந்தா. வயசு கேட்டா, அறுபதுன்னேன். அடையாள அட்டையை எடுத்துட்டு வாங்கன்னு நிக்கறா. காட்டினா அறுபத்தேழு. ஒரே நிமிஷத்துல ஏழு வருஷம் கூடிப்போச்சு. அவகிட்ட சொல்லுங்க, மறுபடி இந்தப் பக்கம் வர வேணாம்."

அடுத்த வீட்டிலும் அதே புகார், அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். ஒரு பெண்மணி மட்டும், "என் வீட்டுக்காரருக்கே தெரியாத வயசு, அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்று அழாத குறையாகச் சொன்னாள். ஊரில் எவரையும் நம்பாத ஒருத்தி, அட்டையைப் பார்க்காமல் ஒரு வயதுகூட எழுதியதில்லை. சல்லடையையே சலித்துவிடுகிற சல்லடை.

திரும்பி வரும் வழியில் அவர் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நல்ல கட்டைச் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்றால், சந்தேகப்படாமல் விட்ட கட்டு எது? பார்த்ததும் மனம் குளிர்ந்து, மறுபடி பிரிக்காமலே முத்திரை குத்திய கட்டு எது?

மச்சினனுடையது. வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் பரப்பினார். முதல் தெருவில் இருபது. இரண்டாவதில் இருபது. மூன்றாவதில் இருபத்தொன்று. பிறகு மறுபடி இருபது, இருபது, பத்தொன்பது, இருபது. கடைசி மூன்றிலும் இருபது.

மனைவியின் பொத்தான் டப்பாவைக் கேட்டார். இருபது சிவப்பு, முப்பது வெள்ளை எண்ணிப் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுப்பார், நிறத்தைக் குறிப்பார், திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குவார். இப்படி ஐம்பது தடவை எடுத்தால் ஒரு தெரு. மனைவி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சிவப்பு?"

"பதினாறு."

அடுத்த தெருவுக்கு இருபத்து மூன்று. பிறகு பத்தொன்பது, இருபத்தாறு, பதினேழு. பத்துத் தெரு முடிந்தபோது இருபது ஒரே ஒருமுறைதான் வந்திருந்தது.

"நிஜம் ஆடும்," என்றார் சல்லடை. "சராசரி இருபதுதான். ஆனா தெருவுக்குத் தெரு ஏறும், இறங்கும். பத்துத் தெருவும் மூச்சு விடாம இருபதுலயே நின்னா, அது யாரோ உட்கார்ந்து நிறுத்தி வச்சது."

மனைவி படிவத்தின் மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

மறுநாள் வியாழன். சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு. சல்லடை எதுவும் கேட்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். கேட்டால் மச்சினன் வேலை போகும், விட்டால் அந்த ஐந்நூறு பொய்யும் அவர் முத்திரையோடு ஆய்வுக்குள் போகும். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவியே தம்பியைக் கேட்டாள்.

"ஏன்டா, நீ போன ஆறாவது தெருவுல அந்த மஞ்சக் கட்டடம் இருக்கே, அஞ்சு மாடி. அதுக்கும் போனியா?"

"போனேனே, எல்லா மாடியும்."

"கால் வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும், லிஃப்ட்லதானே போனேன்?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க லிஃப்ட்டே கிடையாதுடா. தையல் கடைக்காக நாலு வருஷம் அந்தப் படியில துணி மூட்டை தூக்கினவ நான்."

அவன் அக்காவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தான். "நீங்க சொன்ன மாதிரியேதானே மாமா எழுதினேன்?"

"அப்படியே எழுதினதுதான் மாப்ள தப்பு," என்றார் சல்லடை. குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அறிக்கை போயிற்று. குடைக்காரியின் ஐந்நூறு படிவங்களும் மெய். மச்சினனின் ஐந்நூறும் தள்ளுபடி. கடைசி வரியில், பொய் எழுதியவருக்குச் சோதனை முறையைச் சொல்லிக்கொடுத்தது கீழே கையெழுத்திட்டவரே என்று இருந்தது. இயக்குநர் அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இனிமே வீட்டுல வேற ஏதாவது பேசுங்க," என்று மட்டும் சொன்னாராம். மச்சினன் வேலை போய், பெட்டியோடு நண்பன் அறைக்கு மாறிக்கொண்டான். அக்காவோடு இன்றுவரை அளந்துதான் பேசுகிறான்.

தள்ளிய தெருக்களை மறுபடி எடுக்கும் பொறுப்பு குடைக்காரிக்கே வந்தது. அதில் ஒன்று எங்கள் தெரு. அதைக்கூட அந்த மகராசன் மாமன் வீட்டுச் சோபாவிலேயே முடித்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேல் மாடிக் கதவைக் குடைக்காரி தட்டினாள். சல்லடை திறந்தார். அவள் விஷயம் எதுவும் தெரியாதவளா, எல்லாம் தெரிந்தவளா என்று அவள் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்களைப் பத்தி நான் தப்பா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"வயசு?" என்றாள் குடைக்காரி, பேனாவைத் திறந்தபடி.

"ஐம்பது."

அவள் எழுதவில்லை. குடையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். சல்லடை உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்து வந்தார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐம்பத்து மூன்று என்று எழுதினாள்.