முப்பத்தொரு கோலும் ஆர் அடிச்சது?

யாழ்ப்பாணத்துப் பாஷையூர் அமிர்தநாதர் தன் ஆறு பிள்ளைகளுக்கும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்திலேயே பெயர் வைத்தார். அந்த மனிதருக்கு வேறு எழுத்துக் கிடைக்கவில்லையோ, தெரியாது. மூத்தவன் றொய்சன், கடைசி றெக்சன். இடையில் நான்கும் பெண்கள்.

றொய்சன் நடக்கப் பழகமுன்னரே உதைக்கப் பழகியவன் என்பார்கள். பதினாறு வயதில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆட இறங்கி, ஒரே வருடத்தில் நாற்பது கோல் போட்டான். பிறகு ரொறன்ரோ வந்து, பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி ஏற்றினான். சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கழகத்துக்குப் பந்தடித்தான். எதிரணி அவனுக்கு இரண்டு பேரைக் காவல் போட்டால், "மூண்டாவது ஆளும் வரட்டும்" என்பான். தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னேர வேலைக்கு ஓடிவிடுவான். யார் கோல் போட்டது என்று தாளில் எழுதிக் கொடுப்பதெல்லாம், நடுக்களத்தில் ஆடிய கப்டன், தம்பி றெக்சன்தான்.

1994இல் கழகம் வெள்ளைக்காரர் நடத்திய லீக்கில் சேர்ந்தது. பதினான்கு ஆட்டங்களில் றொய்சன் முப்பத்தொரு கோல் அடித்தான். ஆகக்கூடக் கோல் அடித்தவனுக்கு ஒரு கோப்பை உண்டு என்றார்கள். அவனுக்கு வயது முப்பத்து நான்கு, முழங்கால் வேறு நோ. இனி இப்படியொரு வருடம் வாய்க்காது. அந்தக் கோப்பை அவனுக்கு வேண்டும். அதற்கென்றே புதுக் கோட்டு வாங்கினான்.

விருந்து மண்டபத்தில் லீக் செயலாளர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: "முப்பத்தொரு கோல். றெக்சன் அமிர்தநாதர்!"

அரைவாசி எழும்பிய றொய்சன் அப்படியே நின்றுவிட்டான். றெக்சன் கதிரையைத் தள்ளிவிட்டு மேடைக்குப் போய்க் கோப்பையை வாங்கினான்.

"ரெண்டு பேரும் 'ஆர்' எல்லே, மாறிப்போச்சு. போய்ச் சொல்லு மச்சான்" என்றான் கோல்கீப்பர் குலசிங்கம்.

போனான். செயலாளர் ஆட்டத் தாள்களின் கோவையைத் திறந்து காட்டினார். பதினான்கு தாள்கள். வெறும் 'ஆர்' ஒன்றிலும் இல்லை. றெக்சன், றெக்சன் என்று முழுப்பெயர், தம்பியின் சாய்ந்த கையெழுத்தில். முதல் தாள் மே மாதத்தது. முதல் ஆட்டத்திலிருந்தே இப்படித்தான் எழுதியிருக்கிறான். றொய்சன் தோளில் தூக்கி வளர்த்து, கனடாவுக்கும் கூப்பிட்டெடுத்த தம்பி! அடுத்தவன் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பான்.

"பிழை ஏதும் இருக்கிறதா?" என்று செயலாளர் கேட்டார்.

பொய்த் தாள் கொடுத்த கழகத்தை லீக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். "இல்லை" என்றான் றொய்சன்.

கார் நிறுத்துமிடத்தில் தம்பியின் சட்டையைப் பிடித்தான். "சொல்லடா! முப்பத்தொரு கோலும் ஆரடா அடிச்சது?"

"நீங்கள்தான் அண்ணை." றெக்சன் அவன் கையைத் தட்டிவிடவில்லை. "ஒவ்வொண்டுக்கும் பந்து தந்தது ஆர்?"

றொய்சன் வாயைத் திறந்தான். முப்பத்தொரு கோலும் வரிசையாகக் கண்முன் வந்தன. வலை தெரிந்தது, விழுந்து கிடக்கும் கோல்கீப்பர் தெரிந்தான். பந்து யாருடைய காலிலிருந்து வந்ததென்று ஒன்றில்கூடத் தெரியவில்லை.