வெயில் படாத வேலை

பரிசம் போட்ட அன்று மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தேன். விழுந்தது சுலபம், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தொடைகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் முட்டியைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் அம்மாதான் என்னைத் தூக்கி நிறுத்தினார். கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கரங்கான் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "பொண்ண ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. அப்புறம் தேதி பாக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லையே! ரொம்ப நாளாகவே இடுப்பு வலி, தொடை வலி. படிக்கட்டைப் பார்த்தாலே பயம். நின்றுகொண்டே பார்க்கும் வேலை, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். மாப்பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று நினைத்தாலே அழுகை வந்தது.

சுங்கை பட்டாணியில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தூசியே நுழையாத அறை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். தொழிற்சாலையை நாங்கள் கிலாங் என்போம். விடியுமுன் கிலாங் பஸ் வந்துவிடும், திரும்பும்போது இருட்டிவிடும். இதில்தான் என் அம்மாவுக்கு அத்தனை பெருமை. அவர் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவி, வெளிக்காட்டில் மருந்தடித்துக் காய்ந்தவர். "என் மவளுக்கு வெயில் படாத வேலை லா" என்று பசாரில் மீன்காரரிடம்கூடச் சொல்லுவார். லீவு நாளில் துணி காயப்போட நான் வாசலுக்குப் போனால் வாளியைப் பிடுங்கிக்கொள்வார். "கல்யாணப் பொண்ணு, கறுத்துப் போயிருவ. உள்ள போ!"

எலும்பு வலி என்றதும் அம்மாவின் வைத்தியம் பால். காலையில் பால், இரவில் பால், நடுவில் கேழ்வரகுக் கஞ்சி, நெத்திலிச் சம்பல், போதாக்குறைக்குக் கால்சியம் மாத்திரை. எல்லாவற்றையும் விழுங்கினேன். வலி கூடியதுதான் மிச்சம்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "வைட்டமின் டி ரொம்பக் கொறைவு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கெடாவுல வெயிலுக்கா டாக்டர் பஞ்சம்?"

"கெடா மேல படுது. ஒங்க மேல படுதா?"

"பால்தான் குடம் குடமா குடிக்கிறேனே!"

"குடிக்கிறீங்க. கால்சியம் கொடல் வரைக்கும் போவுது. அங்கேருந்து யாரு தூக்கிட்டுப் போறது?"

ஒரு தாளில் படம் போட்டார். வெயில் பட்டால் தோல் வைட்டமின் டியைச் செய்கிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. பக்குவமான டி, குடல் சுவரின் செல்லுக்குள் போய் ஓர் ஆணை போடுகிறது. உடனே அந்தச் செல் ஒரு புரதத்தைச் செய்கிறது. பெயர் கால்பிண்டின். செல்லுக்குள் கால்சியம் தன்னிஷ்டத்துக்குத் திரிந்தால் ஆபத்து. அதனால் இந்தப் புரதம் அதைக் கவ்விப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கிருந்து அது ரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. டி இல்லையென்றால் ஆணை இல்லை, தூக்க ஆளும் இல்லை. குடித்த பாலின் கால்சியத்தில் பெரும்பங்கு கழிவறைக்குத்தான். ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் கால்சியம் வேண்டுமே! உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது.

"ஐயோ, எங்க கிலாங் மாதிரியே இருக்கு!" என்று கத்திவிட்டேன். எங்கள் சிலிக்கன் தகடுகளைக் கையால் தொடக் கூடாது. பெட்டியில் வைத்துத்தான் ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குப் போகும். பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தால் தகடுகள் ஒரு முனையில் குவிந்து கிடக்கும், மறுமுனையில் மெஷின் சும்மா நிற்கும். எனக்குள்ளும் அப்படி ஒரு லைன் ஓடுகிறதா! நோய் வந்த கவலையே மறந்துபோனது. புல்லரித்தது என்றால் பொய்யில்லை.

அன்றைக்கே அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"நான் காஞ்சது போதும்னுதானே ஒன்ன நெழல்ல வெச்சேன்" என்றார்.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "நெழலு குடுத்ததுக்கு யாராச்சும் கோவிப்பாங்களாம்மா?" என்றேன்.

வாரம் ஒரு மாத்திரை, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. அதோடு காலை ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்கு வெளியே சட்டைக் கையை மடித்துவிட்டு வெயிலில் நின்றேன். "கல்யாணப் பொண்ணு கருவாடு காயுது!" என்று தோழிகள் கூவினார்கள். மாப்பிள்ளையோ, "கறுத்தா என்னா, நான் என்ன வெள்ளைக்காரனா?" என்று போனில் சிரித்தார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் அடுப்படியில் குந்தி வெங்காயம் பொறுக்கியவள் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது. மறுபடி குந்தினேன், எழுந்தேன். "அம்மா, எந்திரிச்சிட்டேன்!" என்ற என் கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தேதி பார்க்கலாம் என்று கரங்கானுக்கு அம்மாவே போன் போட்டார்.

கல்யாணத்தன்று மேடையில் மாலையோடு மாமியார் காலில் விழுந்தேன். மண்டபமே பார்த்தது. யார் கையும் படாமல் நிமிர்ந்து எழுந்தேன். சந்தோஷத்தில் விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆசீர்வாதம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். காதோரம் குனிந்து சொன்னார்:

"அன்னிக்கு நீ எந்திரிக்க முடியாம தவிச்சப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சுமா. எனக்கும் அப்படித்தான். ரொம்ப நாளா தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. மகன்கிட்டகூடச் சொல்லல."

அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னைத் தழுவவில்லை, விழாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கால்களை நன்றாக ஊன்றிக்கொண்டேன்.

"சாஞ்சுக்குங்க அத்தை" என்றேன். "நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்."