நர்சம்மாவின் வெந்நீர்த் தொட்டி

வாழவந்தி நாடு என்னும் மலைக்கிராமத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அமலோற்பவம், சொந்த ஊருக்குத் திரும்பாமல் மலையிலேயே ஒரு வீடு வாங்கினார். பின்புறத்தில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன, ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற பழைய வெந்நீர்த் தொட்டி இருந்தது. வடிகட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டார்.

மார்கழிக் குளிரில், தண்ணீரைச் சுழற்றும் அதன் மோட்டார் ஒழுகியது.

"இந்தத் தொல்லை எதுக்குங்க? வித்துப்போடுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்து அத்தாயி.

அமலோற்பவம் கேட்கவில்லை. நாமக்கல் போய் ரப்பர் சீல் வாங்கிவந்து தானே மாட்டினார். முதல் தடவை தப்பாக மாட்டியதில் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. கழற்றி மறுபடி மாட்டியதும் ஒழுகல் நின்றது.

மறுநாள் சாயங்காலம், மரவள்ளி பிடுங்கிவிட்டு வந்த அத்தாயியை வற்புறுத்தித் தொட்டியில் இறக்கினார். சேலையோடு கழுத்துவரை அமிழ்ந்த அத்தாயி கண்ணை மூடிக்கொண்டார்.

"முட்டிவலி போன எடம் தெரியலீங்க நர்சம்மா. இனி எப்படிங்க எந்திரிச்சு ஊட்டுக்குப் போறது?"

அமலோற்பவம் சிரித்துக்கொண்டே தானும் எதிரே இறங்கி உட்கார்ந்தார்.